வீட்டில் 62 நிமிடம், வைத்தியசாலையில் 129 நிமிடம்: பாரிசவாத நோயாளி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் நான் கடமையாற்றிய அரச வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, கிண்ணியாப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த 61 வயது மீனவர் ஒருவர் காலை 6.52க்கு முச்சக்கர வண்டியில் கொண்டுவரப்பட்டார். வலது கையும் வலது காலும் இயங்கவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. சொல்ல வந்தது சொல்லாக வரவில்லை. பாரிசவாதத்தின் (பக்கவாதத்தின்) அறிகுறிகள் இவை. மூளைக் குழாயில் அடைபட்ட இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அவருக்கு 9.01க்கு ஏற்றப்பட்டது. வாசலுக்கும் ஊசிக்கும் இடையில் 129 நிமிடங்கள் சென்றிருந்தன. பல நாடுகளின் வழிகாட்டல்கள் இதற்கு விதிக்கும் எல்லை 60 நிமிடம். அன்று அவரை முதலில் பரிசோதித்த வைத்தியர் நான் என்பதால், இந்த ஆய்வை எழுதுவது என் கடமையென்றும் கருதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் நெடுங்காலமாக ஒரு பேச்சு இருந்தது: "சனம் பிந்தித்தான் வருது, நாங்கள் என்ன செய்யிறது?" கடலும் களப்பும் ஆறும் ஊடறுத்துக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்துநின்று நீரைக் கடந்த நோயாளர்களின் கதையை மூத்த தாதியர் இன்றும் சொல்வார்கள். ஆனால் இந்த நோயாளியின் கணக்கை எழுதிப் பார்த்தபோது, நோய் தொடங்கியதிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர அவருடைய குடும்பம் எடுத்த நேரம் 62 நிமிடம் மட்டுமே. அதைவிட இருமடங்குக்கு மேலான நேரம் எங்கள் கூரைக்குக் கீழே போயிருந்தது.

அன்று காலை நடந்தது

அவர் கடலுக்குப் போவதை நிறுத்திச் சில ஆண்டுகளாகின்றன. வீட்டுத் திண்ணையிலிருந்து மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுத்து வந்தார். சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் கோப்பை கையிலிருந்து நழுவியது. வீட்டார் முதலில் சீனி குறைந்துவிட்டதென எண்ணிச் சீனித் தண்ணீர் பருக்கினர்; அது புரையேறியது. பிறகு தைலம் தேய்த்துப் படுக்கவைத்துச் சற்று நேரம் பார்த்தனர். பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், வாய்வழியாக எதையும் கொடுப்பது நுரையீரலுக்கு ஆபத்தானது. இதைக் குடும்பங்கள் அறிந்திருக்க நாங்கள் எங்கே சொல்லிக்கொடுத்தோம் என்று அன்று யோசித்தேன். மூத்த மகன் வந்து பார்த்ததும் வாகனம் பிடித்திருக்கிறார்.

நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நான் கேட்டபோது மனைவியால் சொல்ல முடியவில்லை. "விடியக் காலையில" என்றார். மருந்து கொடுக்கலாமா கூடாதா என்பது அந்த ஒரு பதிலில் தங்கியிருப்பதால், கேள்வியை மாற்றிக் கேட்டேன்: கடைசியாக எப்போது நல்லபடி இருந்தார்? உடனே பதில் வந்தது. "சுபஹ் தொழுதுட்டு வந்து நல்லாத்தான் கதைச்சாரு டொக்டர். மகள்ட பிள்ளைய வேனுக்கு எழுப்பச் சொன்னாரு. அதுக்குப் பொறகுதான் கோப்ப விழுந்திச்சு." பிள்ளையை எழுப்பும் நேரம் 5.50 என்பதை மகள் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். எங்கள் மக்கள் கடிகாரத்தைப் பார்த்து வாழ்வதைவிடப் பாங்கையும் கோயில் மணியையும் முதல் பஸ்ஸையும் பிள்ளைகளின் பாடசாலை நேரத்தையும் வைத்து வாழ்கிறார்கள். அவற்றை வைத்துக் கேட்டால், பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடப் பிழைக்குள் நேரம் கிடைத்துவிடுகிறது. "தெரியாது" என்று நோயாளி அட்டையில் எழுதப்படும் பல நேரங்கள் உண்மையில் சரியாகக் கேட்கப்படாத நேரங்களே என்பது என் துணிபு.

6.52 என்பது தாதியரின் இரவுக் கடமை முடிந்து காலைக் கடமை தொடங்கும் தறுவாய். முச்சக்கர வண்டி வாசலில் நின்றபோது தள்ளுகட்டில் எதுவும் அருகில் இல்லை; சக்கர நாற்காலி ஒன்று கொண்டுவரப்பட்டது. மகன் பதிவுச் சீட்டு எடுக்க வரிசையில் நின்றார். 7.04க்குத் தாதி உத்தியோகத்தர் இரத்த அழுத்தம் பார்த்து 196/108 எனக் குறித்தார். 7.13க்கு நான் பரிசோதித்தேன். பாரிசவாதத்தின் கடுமையை 0 முதல் 42 வரை அளக்கும் அளவுகோலில் அவருடைய புள்ளி 14. விரல் நுனி இரத்தத்தில் குளுக்கோஸ் சரியாக இருந்தது. இதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனைகளும் எழுதினேன், அவை 7.29க்கு முடிந்தன. சி.டி. ஸ்கேன் கோரும் படிவம் சிற்றூழியர் ஒருவரின் கையில் போனது. விசேட வைத்திய நிபுணரின் கையொப்பம் இல்லை என்று 7.41க்குத் திரும்பி வந்தது. கையொப்பத்துடன் மறுபடி போய், கதிர்ப்பட உத்தியோகத்தர் வந்து, 8.06க்கு ஸ்கேன் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. படத்தைப் பார்த்து "இரத்தக் கசிவு இல்லை" என்ற கருத்து 8.24க்குக் கிடைத்தது.

அதன் பிறகுதான், மருந்தேற்ற முன் அழுத்தம் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அப்போது அது 198/112. லபெட்டலோல் ஊசி போட்டு அது இறங்கும்வரை பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். கட்டியைக் கரைக்கும் மருந்தோ பூட்டிய அலுமாரியில் இருந்தது; சாவி கடமை மாறிச் சென்ற ஒருவரிடம் இருந்தது. அது வந்து சேர்ந்தபோது அடுத்த கேள்வி எழுந்தது: இவருடைய நிறை என்ன?

இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் அந்த அல்டெப்ளேஸ் மருந்து நிறைக்கேற்பக் கொடுக்கப்படுவது: ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவருக்கும் 90 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில் நேரடியாகவும், மிகுதி ஒரு மணித்தியாலத்தில் துளித்துளியாகவும் ஏற்றப்படும். எழுந்து நிற்க முடியாதவரைத் தராசில் ஏற்ற வழியில்லை. மனைவி "எழுபது இருக்கும்" என்றார். எழுபதென்று கொண்டால் 63 மில்லிகிராம். அப்போது மனைவி கொண்டுவந்திருந்த பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பி இருப்பதைத் தாதி ஒருவர் கண்டார். முந்தைய மாதம் கிளினிக்கில் பார்த்த நிறை 60 கிலோ என்று அதில் எழுதியிருந்தது. அப்படியானால் 54 மில்லிகிராம். மூளையில் இரத்தக் கசிவை ஏற்படுத்தக்கூடிய ஒரு மருந்தில் ஒன்பது மில்லிகிராம் கூடுதலாகப் போவது அந்தப் பையால் தவிர்க்கப்பட்டது. வார்பரின் போன்ற குருதியுறைவைத் தடுக்கும் மருந்து எதையும் அவர் எடுக்கவில்லை என்பதும் அதே கொப்பியில் இருந்தது. இரண்டு மணித்தியாலமாக அது எங்கள் கண்முன்னே, நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தூளாக உள்ள மருந்தை அதற்குரிய நீரில் கரைக்கும்போது குலுக்கக்கூடாது, குலுக்கினால் நுரைத்துவிடும். போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அன்று அதைச் செய்த தாதியின் கைகள் நிதானமாக இருந்தன. நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டுச் சூழ்ந்து நின்றது அந்த ஒரு நிமிடத்தில்தான். அவசரப்பட வேண்டிய நேரங்கள் எல்லாம் அதற்கு முன்பே கடந்துபோயிருந்தன.

மூன்று மணித்தியாலத்தின் இருபுறமும்

5.50 முதல் 9.01 வரை 191 நிமிடம். அதாவது மூன்று மணித்தியாலத்தைப் பதினொரு நிமிடத்தால் தாண்டியிருந்தோம். இந்த எல்லையின் பொருளை விளங்கிக்கொள்ள மருத்துவ வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1995இல் அமெரிக்காவில் 624 நோயாளர்களைக் கொண்டு நடந்த பரிசோதனை, மூன்று மணித்தியாலத்துக்குள் அல்டெப்ளேஸ் கொடுத்தால் மூன்று மாதங்களின் பின் ஊனம் இன்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ இருப்போர் கூடுகின்றனர் என்று காட்டியது. மூளையில் நோய்க்குறியுடன் கூடிய இரத்தக் கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் நேர்ந்ததையும் அதே பரிசோதனை மறைக்காமல் சொன்னது. 2008இல் ஐரோப்பியப் பரிசோதனை ஒன்று கால எல்லையை நாலரை மணித்தியாலத்துக்கு நீட்டியது.

எல்லை நீண்டதால் நன்மையும் அதே அளவில் நீண்டது என்று எண்ணிவிடக்கூடாது. ஒன்பது பரிசோதனைகளின் 6,756 நோயாளர்களை ஒன்றாகச் சேர்த்து 2014இல் வெளிவந்த பகுப்பாய்வில், மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றோரில் 32.9 சதவீதத்தினர் நல்ல நிலைக்கு மீண்டனர்; பெறாதோரில் 23.1 சதவீதம். மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில் அவ்விரு எண்களும் 35.3, 30.1. நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர் கூடுதலாக நலமடைவது, நேரம் கடந்ததும் ஐந்து பேராகச் சுருங்குகிறது. "இன்னும் நாலரை மணித்தியாலம் ஆகவில்லைதானே" என்ற ஆறுதல் வார்த்தை எங்கள் பிரிவில் அன்று இருமுறை பேசப்பட்டது. ஒருமுறை பேசியவன் நான். அந்த வார்த்தையை இனி எவரும் பேசக்கூடாது என்று விரும்புகிறேன். பெரிய குழாய் அடைபட்டு மருந்து கிடைக்காதிருக்கும் மூளை சராசரியாக நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்பது 2006இல் வெளியான கணிப்பு.

மருந்தேற்றிய பின் அழுத்தம் 180/105ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. முதல் இரண்டு மணித்தியாலம் கால் மணிக்கொரு தடவையும், அடுத்த ஆறு மணித்தியாலம் அரை மணிக்கொரு தடவையும், பின்னர் ஒரு நாள் நிறையும்வரை மணிக்கொரு தடவையும் அவர் பரிசோதிக்கப்பட்டார். மறுநாள் ஸ்கேனில் கசிவு இல்லை. மூன்று மாதங்களின் பின் கிளினிக்குக்குக் கைத்தடியுடன் நடந்து வந்தார். பேச்சு திரும்பியிருந்தது. ஆனால் வலை பொத்தும் ஊசியைப் பிடிக்க வலது பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் பலம் போதவில்லை. என் மேசையிலிருந்த பேனையை எடுத்துக் காட்டியபோது அது இருமுறை விழுந்தது. அறுபதாவது நிமிடத்திலேயே, அதாவது 7.52க்கே மருந்து ஏறியிருந்தால் அந்த விரல்கள் மீண்டிருக்குமா என்பதை ஒரு தனி மனிதர் விடயத்தில் எவராலும் சொல்ல முடியாது. மீள்வதற்கான வாய்ப்பு கூடியிருக்கும் என்பதை மட்டும் சொல்லலாம்.

நிமிடங்கள் எங்கே போயின

ஆய்வுக் கூட்டத்தில் ஒரு நீளத் தாளில் 129 நிமிடத்தையும் கோடிட்டு, எவரேனும் நோயாளிக்காக வேலை செய்த நிமிடங்களை மட்டும் நிறந்தீட்டினோம். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஐம்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. மிகுதி முழுவதும் வெள்ளை. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் நோயாளியோ படிவமோ சாவியோ காத்திருந்த நேரம் அது. எவரும் சோம்பியிருக்கவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தனர். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்ற வழக்கம் அந்த வெள்ளை இடத்தை உண்டாக்கியது. 7.04க்கே தெரிந்த உயர் அழுத்தத்துக்கு 8.31க்கு மருந்து கொடுத்தது இதற்குத் தெளிவான சான்று. ஸ்கேனுக்குக் காத்திருந்த அதே நேரத்தில் அழுத்தம் இறங்கியிருக்கலாம், மருந்து வந்திருக்கலாம், நிறை தெரிந்திருக்கலாம், மனைவியிடம் பேசி முடித்திருக்கலாம்.

இதை முதலில் கண்டவர்கள் நாங்கள் அல்லர். பின்லாந்தின் ஹெல்சின்கியில் 1998இல் 105 நிமிடமாக இருந்த வாசல்-ஊசி இடைவெளி 2011இல் 20 நிமிடமானது. நோயாளி வாகனத்தில் வரும்போதே வைத்தியசாலைக்குத் தகவல் தருவது, வந்த தள்ளுகட்டிலிலேயே நேராக ஸ்கேன் மேசைக்குக் கொண்டுபோவது, மருந்தை ஸ்கேன் அறையிலேயே ஏற்றுவது, தேவையற்ற இரத்த முடிவுகளுக்குக் காத்திராதது போன்ற சிறு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தே அவர்கள் அதை அடைந்தனர். மெல்பேர்னில் அதே முறையைப் பின்பற்றி, வேலை நேரத்தில் 43 நிமிடத்தைச் சில மாதங்களில் 25 ஆக்கினார்கள். வேகம் பிழைக்கு இட்டுச்செல்லாதா என்று கூட்டத்தில் மூத்த வைத்தியர் ஒருவர் நியாயமாகவே கேட்டார். அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய தேசிய முயற்சியில், இடைவெளி 77இலிருந்து 67 நிமிடமாகக் குறைந்த அதே காலத்தில் மூளைக் கசிவும் 5.7இலிருந்து 4.7 சதவீதமாகக் குறைந்திருந்தது என்பதே அவருக்குரிய பதிலாக இருந்தது.

நாங்கள் மாற்றியவை

முதல் மாற்றம் வாசற்காவலரிடமிருந்து தொடங்கியது. எந்த வைத்தியருக்கும் முன்னதாக நோயாளியைக் காண்பவர் அவரே. வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மணியை அழுத்தித் தள்ளுகட்டிலை அழைக்கலாம். பதிவுச் சீட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற அதிகாரம் அவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டது. வந்த நேரத்தைத் தன் கைப்பட எழுதித் தள்ளுகட்டிலில் கட்டிவிடுபவரும் அவரே.

ஸ்கேன் படிவத்தில் கையொப்பம் பின்னர் இடப்படலாம் என்று எழுத்தில் பெறப்பட்டது. படிவம் தனியே போவதற்குப் பதிலாக வைத்தியரே நோயாளியுடன் ஸ்கேன் அறைக்கு நடந்து போகிறார். அல்டெப்ளேஸ், லபெட்டலோல், ஊசிகள், குளுக்கோஸ் அளக்கும் கருவி, நிறைக்கு நிறை மருந்தளவு எழுதிய அட்டை ஆகியன ஒரே பெட்டிக்குள் முத்திரையிட்டு ஸ்கேன் அறையில் வைக்கப்பட்டன. சாவி என்ற ஒன்றே இல்லாமலாயிற்று. மருந்துக்கு முன் கட்டாயம் வேண்டிய ஒரே இரத்த முடிவு குளுக்கோஸ். குருதியுறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர், இரத்தப்போக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவர் தவிர மற்றவர்களுக்கு வேறெதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குளுக்கோஸை மட்டும் எவ்வளவு அவசரத்திலும் விடக்கூடாது. சில வாரங்களில், தம்பலகாமத்திலிருந்து வலப்பக்கம் தளர்ந்த நிலையில் வந்த நீரிழிவு நோயாளி ஒருவரின் குளுக்கோஸ் அளவு 38 ஆக, மிகக் குறைவாக இருந்தது. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் ஸ்கேன் அறை வாசலிலேயே கையை உயர்த்தித் தன் பெயரைச் சொன்னார்.

குடும்பத்தாருடன் பேசுவதை ஸ்கேன் நடக்கும் ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தோம். "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஏன் மருந்து?" என்பதே அடிக்கடி வரும் கேள்வி. கசிவு இருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும், அடைப்பு தொடக்கத்தில் தெரியாமலும் இருக்கலாம், ஆகவே ஒன்றும் தெரியாதது நல்ல செய்தி என்று சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள். நூற்றில் ஆறு பேருக்குக் கசிவு வரக்கூடும் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறோம்.

மொழி பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. இம்மாவட்டத்தில் தமிழ் பேசும் நோயாளியைச் சிங்களம் பேசும் வைத்தியரும், சிங்களம் பேசும் நோயாளியைத் தமிழ் வைத்தியரும் பார்ப்பது அன்றாட நிகழ்வு. பேச்சுக் குழறலைக் கண்டுபிடிக்க அந்த மொழி காதுக்குப் பழகியிருக்க வேண்டும். குழறாமல் சரளமாக, ஆனால் பொருளற்றுப் பேசும் பாரிசவாத நோயாளியை "ஏதோ ஊர்ப் பேச்சு" என்று கடந்துபோவது மிக எளிது. எனவே நோயாளியின் மொழி பேசும் ஒருவர், சிற்றூழியராயினும், முதற் பரிசோதனையில் நிற்க வேண்டும் என்று விதித்தோம்.

சில மாதங்களின் பின் ஓர் இரவு, நிலாவெளிப் பக்கத்திலிருந்து 54 வயதுப் பெண் ஒருவர் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கப்படும் நோயாளர் காவு வண்டியில் கொண்டுவரப்பட்டார். வண்டியில் இருந்தவர் முன்கூட்டியே அழைத்துக் கடைசியாக நலமாயிருந்த நேரத்தையும் அழுத்தத்தையும் சொல்லிவிட்டார். கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துவரும்படி வீட்டாருக்கும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் 9.14க்கு வாசலுக்கு வந்தார், 9.27க்கு ஸ்கேன் மேசையில் இருந்தார், 9.52க்கு மருந்து ஏறியது. 38 நிமிடம். ஒருவரைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் முன்பிருந்த அதே கட்டடம், அதே ஸ்கேன் இயந்திரம், அதே ஆளணி.

அந்த 38 நிமிடத்திலும் மிக நீண்ட வெள்ளை இடம், கதிர்ப்பட உத்தியோகத்தர் விடுதியிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்த நேரமே. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் கட்டடத்துக்குள் இருப்பதில்லை. 1990 அழைப்பு வந்த கணத்திலேயே அவரை அழைப்பது என்ற ஏற்பாடு இப்போது நடைமுறையில் இருக்கிறது. இரவுக் கடமைக்கு ஒருவரை நிரந்தரமாக அமர்த்தக் கோரும் கடிதம், நிறந்தீட்டிய அந்த இரண்டு தாள்களும் இணைக்கப்பட்டு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.